கம்பெனி கைமாறும்போது கிரீன் கார்டு மனு என்ன ஆகும்?

கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்றே, அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் "பெர்ம் போச்சு", "ஐ-140 இனி செல்லாது", "எல்லாம் முதலிலிருந்து" என்று ஆளுக்கொன்று கிளம்பிவிடும். இதில் பாதிக்கு மேல் தவறு. (பெர்ம் என்பது இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் முதலாளி வாங்கும் சான்று. அதை வைத்துக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் முதலாளி போடும் மனு ஐ-140. கடைசியில் ஊழியர் போடும் கிரீன் கார்டு விண்ணப்பம் ஐ-485.) அதே நேரம், "உங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று எச்ஆர் ஒரே வரியில் முடிப்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. உண்மையான பதிலை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. உங்களுக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தின் வரி எண் மாறுகிறதா? கைமாறும் தேதியில் உங்கள் மனு எந்தக் கட்டத்தில் நிற்கிறது? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மீதி வேலை காகிதங்களைச் சேர்ப்பதுதான். அதைக் கைமாறும் தேதிக்கு முன்பே சேர்க்க வேண்டும். பழைய கம்பெனியின் நிதித்துறை கலைந்த பிறகு தேடினால் கையெழுத்துப் போடக்கூட ஆள் கிடைக்காது.

வரி எண்ணைப் பார்க்க அட்டர்னி தேவையில்லை. வருடா வருடம் ஜனவரியில் வரும் டபிள்யூ-2 படிவத்தை எடுங்கள். இடது பக்கம் 'பி' என்று குறித்த கட்டத்தில் 2 இலக்கம், ஒரு கோடு, 7 இலக்கம் என்று ஒரு எண் இருக்கும். அதுதான் முதலாளியின் இஐஎன். அதற்கு அடுத்த 'சி' கட்டத்தில் முதலாளியின் சட்டபூர்வமான பெயர். இதே எண் பெர்ம் விண்ணப்பத்திலும் ஐ-140 படிவத்தின் முதல் பகுதியிலும் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் மூன்றிலும் ஒன்றாக இருந்து, இனியும் மாறாது என்றால் பெயர்ப்பலகையும் லோகோவும் மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எண் மாறினால்தான் வேலை ஆரம்பிக்கிறது.

பங்குகளை வாங்கும் டீலில் கம்பெனி என்ற சட்ட உருவம் அப்படியே இருக்கும். முதலாளிகள் மட்டும் மாறுவார்கள். இஐஎன் அதேதான், பெர்மும் ஐ-140-யும் அதேதான். பெயர் மட்டும் மாறினாலும் அப்படித்தான். மாநில அரசிடம் பதிவு செய்த பெயர் மாற்றச் சான்றிதழின் நகலை அடுத்த மனுவோடு வைத்தால் போதும். சொத்துகளை மட்டும் வாங்கும் டீல் வேறு கதை. ஒரு பிரிவு, அதன் ஒப்பந்தங்கள், அதன் ஊழியர்கள் மட்டும் புதிய கம்பெனிக்குப் போகிறார்கள். பழைய கம்பெனி தனியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இங்கே இஐஎன் மாறும். ஒரு கம்பெனி இன்னொன்றோடு முழுவதும் கலந்துவிடும் மெர்ஜரிலும், ஒரு பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிடும் ஸ்பின்-ஆஃபிலும் பெரும்பாலும் மாறும்.

நிறைய பேர் மாட்டிக்கொள்வது இரண்டு கட்டமாக நடக்கும் இணைப்பில். முதலில் பங்குகளை வாங்குகிறார்கள், செய்தி வருகிறது, அட்டர்னி "இஐஎன் மாறவில்லை, ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார். அன்றைக்கு அது சரியான பதில். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, வாங்கிய கம்பெனி எல்லோரையும் தன் சொந்த பேரோலுக்கு மாற்றுகிறது. வரிக்கணக்குச் சுலபம் என்பதால் இதைப் பெரும்பாலும் ஜனவரி 1 அன்று செய்வார்கள். அது செய்தியில் வராது. புதிய சம்பளப் போர்ட்டலில் பதிவு செய்யுங்கள், வங்கிக் கணக்கை மறுபடி கொடுங்கள் என்று ஒரு சாதாரண மெயில் வரும். கிரீன் கார்டைப் பொறுத்தவரை முதலாளி மாறிய நாள் அதுதான். அந்த மெயிலைப் பார்த்தால் அன்றே இமிக்ரேஷன் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள்.

வாரிசு நிறுவனம் என்று எப்படி நிரூபிப்பது

இஐஎன் மாறியதால் மட்டும் மனு செத்துவிடாது. புதிய கம்பெனி தன்னைச் 'சக்சசர்-இன்-இன்ட்ரஸ்ட்' என்று நிரூபித்தால் பழைய பெர்ம் அப்படியே அதற்கு வந்து சேரும், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட்டும் கூடவே வரும். இதற்கு அடிப்படை 1986-இல் டயல் ஆட்டோ ரிப்பேர் ஷாப் என்ற கார் ரிப்பேர் கடையின் வழக்கில் வந்த தீர்ப்பு. அதைப் பல வருடம் அதிகாரிகள் இறுக்கமாகப் படித்தார்கள். பழைய கம்பெனியின் எல்லா உரிமைகளையும் எல்லாக் கடன்களையும் ஏற்றால்தான் வாரிசு என்றார்கள். 2009 ஆகஸ்ட் 6 தேதியிட்ட யுஎஸ்சிஐஎஸ் மெமோ அதைத் தளர்த்தியது. ஒரு பிரிவை மட்டும் வாங்கினாலும் அந்தப் பிரிவில் இருக்கும் வேலைக்கு வாரிசாகலாம். ஆனால் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். வேலை பெர்மில் சொன்ன அதே வேலையாக இருக்க வேண்டும். பழைய கம்பெனி பிரையாரிட்டி டேட்டிலிருந்து கைமாறிய நாள் வரையிலும், புதிய கம்பெனி அந்த நாளிலிருந்து இன்றுவரையிலும் அந்தச் சம்பளத்தைத் தரக்கூடிய நிலையில் இருந்திருக்க வேண்டும். எது, எப்படி, எந்தத் தேதியில் கைமாறியது என்பதற்கு ஆவணம் வேண்டும்.

'அதே வேலை' என்பதில் பதவியின் பெயர் மாறுவது பெரிய விஷயம் இல்லை. கலந்த பிறகு எல்லோருக்கும் புதிய டைட்டில் கொடுப்பது வழக்கம்தான். செய்யும் வேலை, பெர்மில் கேட்ட படிப்பும் அனுபவமும், வேலை செய்யும் பெருநகர வட்டாரம் ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும். காலப்போக்கில் சம்பளம் கூடியிருந்தால் தொந்தரவு இல்லை. ஆனால் இணைப்போடு சேர்த்து உங்களை மேனேஜராக்கினாலோ, டல்லாஸ் அலுவலகத்தை மூடி அட்லாண்டாவுக்குப் போகச் சொன்னாலோ பழைய பெர்ம் கூட வராது, புதிய பெர்ம்தான். பதவி உயர்வை ஏற்றுக் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

ஆவணங்கள் என்றால் விற்பனை ஒப்பந்தம், டீல் முடிந்ததற்கான சான்று, கைமாறிய வருடத்துக்கு இரு கம்பெனிகளின் தணிக்கை செய்த நிதிநிலை அறிக்கைகள், பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் ஆண்டுதோறும் எஸ்இசியிடம் தாக்கல் செய்யும் 10-கே அறிக்கை, பத்திரிகைச் செய்திகள். ஒப்பந்தம் ரகசியம், தர முடியாது என்று புதிய கம்பெனியின் வக்கீல்கள் முதலில் மறுப்பார்கள். முழுவதும் தேவையில்லை. இரு தரப்பின் பெயர் உள்ள முதல் பக்கம், என்னென்ன கைமாறுகிறது என்று சொல்லும் பிரிவு, ஊழியர்களையும் இமிக்ரேஷன் பொறுப்புகளையும் ஏற்கும் வரி, தேதியோடு கையெழுத்துப் பக்கம் ஆகியவற்றை வைத்து, விலை உள்ள இடங்களைக் கறுப்படித்துக் கொடுப்பதுதான் நடைமுறை. டீல் பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே இமிக்ரேஷன் அட்டர்னியின் காதில் விஷயம் போனால், அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவார். "இமிக்ரேஷன் மனுக்கள் சார்ந்த பொறுப்புகளை வாங்குபவர் ஏற்கிறார்" என்ற அந்த வரி பிறகு பல ஆர்எஃப்இகளை, அதாவது கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதங்களை, தடுக்கும்.

சம்பளம் தரும் திறனில்தான் சிறிய கன்சல்டிங் கம்பெனிகளின் மனுக்கள் விழுகின்றன. பெர்மில் 1,20,000 டாலர் என்று போட்டிருக்கிறது, பழைய கம்பெனி உங்களுக்கு உண்மையில் தந்தது 1,05,000 டாலர் என்று வையுங்கள். வித்தியாசம் 15,000. அந்த வருடத்தில் கம்பெனியின் நிகர லாபமோ நிகர நடப்புச் சொத்தோ இந்த 15,000-ஐத் தாண்டியிருந்தால் போதும். வருமான வரிப் படிவம் 1120-இல் 28-ஆம் வரியில் நிகர லாபம் இருக்கும். நிகர நடப்புச் சொத்தை அதே படிவத்தின் 'ஷெட்யூல் எல்' பகுதியிலிருந்து கணக்கிடுவார்கள். 1 முதல் 6 வரையான வரிகளின் கூட்டுத்தொகையிலிருந்து 16 முதல் 18 வரையானவற்றைக் கழிக்க வேண்டும். ஆனால் அதே கம்பெனி 20 பேருக்கு ஐ-140 போட்டிருந்தால் அந்த 20 பேரின் வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் அதிகாரி பார்ப்பார். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் நிதித்துறைத் தலைவரின் கடிதத்தை அதிகாரி ஏற்க விதி இடம் தருகிறது. பழைய கம்பெனியின் நிதித்துறைத் தலைவர் பதவியில் இருக்கும்போதே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். டீல் முடிந்து அவர் வேலையை விட்டுப் போனபின் அந்த வருடத்துக்கு உறுதி சொல்ல யாரும் இல்லை.

ஒன்றுக்கு மேல் கைமாறியிருந்தால் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனியாக ஆவணம் வேண்டும். எச்பி 2008-இல் இடிஎஸ் நிறுவனத்தை வாங்கியது. 2015 நவம்பரில் எச்பி இரண்டாகப் பிரிந்தது. 2017-இல் அதன் சேவைப் பிரிவு சிஎஸ்சியோடு சேர்ந்து டிஎக்ஸ்சி ஆனது. இடிஎஸ் காலத்துப் பிரையாரிட்டி டேட்டோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, இடையில் ஒவ்வொரு முறையும் யார் முதலாளி, இஐஎன் மாறியதா என்று வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டின் ஈபி-2, ஈபி-3 பிரிவுகளில் வரிசை பத்து வருடத்துக்கு மேல் இழுப்பதால் இப்படிப்பட்ட சங்கிலி அபூர்வம் இல்லை. இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்த தமிழர் இந்திய வரிசையில் நிற்பதில்லை. பிறந்த நாடுதான் கணக்கு, குடியுரிமை அல்ல. துணைவர் அங்கே பிறந்திருந்தால் அவருடைய நாட்டுக் கணக்கிலும் மனு போடலாம். வரிசை குறுகினால் இடையில் கம்பெனி கைமாறும் ஆபத்தும் குறையும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்

பெர்ம் தாக்கலாவதற்கு முன் கைமாறினால் புதிய கம்பெனியின் பெயரில்தான் தாக்கல் செய்ய வேண்டும். இல்லாத கம்பெனியின் பெயரில் போட்டால் அதைப் பின்னால் சரிசெய்ய வழி இல்லை. வாரிசு என்ற வாதம் பெர்ம் தாக்கலான பிறகு நடந்த கைமாற்றத்துக்குத்தான் பொருந்தும். பழைய பெயரில் ஞாயிற்றுக்கிழமை விளம்பரங்கள் வந்து, மாநில வேலைவாய்ப்புத் துறையில் 30 நாள் அறிவிப்பும் முடிந்திருந்தால், அவற்றை வைத்தே தாக்கல் செய்ய முடியுமா என்பதை அட்டர்னி தீர்மானிக்க வேண்டும். தொழிலாளர் துறையின் ஆடிட் வந்தால் காட்ட இணைப்பு ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் இருப்பவருக்கு இழப்பு சில மாதங்கள்தான். பெரிய வேதனை இல்லை.

பெர்ம் தொழிலாளர் துறையில் நிலுவையில் இருக்கும்போது கைமாறினால் விண்ணப்பத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. 2007 ஜூலை 16 முதல் அதுதான் விதி. பழைய பெயரிலேயே சான்றாகட்டும் என்று விட்டுவிட்டு, ஐ-140-ஐ வாரிசு நிறுவனம் போடும். இங்கே யாரும் யோசிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. தொழிலாளர் துறை விண்ணப்பத்தில் கொடுத்த தொடர்பு மெயிலுக்குத்தான் எழுதும். இணைப்பு முடிந்து சில மாதங்களில் பழைய கம்பெனியின் மெயில் டொமைனை ஐடி துறை நிறுத்திவிடும். ஆடிட் கடிதம் வந்தால் பதில் சொல்ல 30 நாள். அது யார் கண்ணிலும் படாமல் போனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், பிரையாரிட்டி டேட்டும் போய்விடும். பழைய முகவரிக்கு வருவதைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லி ஐடியிடம் ஒரு டிக்கெட் போடச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் அட்டர்னியின் மெயிலும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெர்ம் சான்றாகி ஐ-140 இன்னும் போடவில்லை என்றால் 180 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஐ-140 யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போய்ச் சேராவிட்டால் சான்று காலாவதி. டீல் ஆவணங்களுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுவது மிகப் பெரிய தவறு. இருப்பதை வைத்துப் போட்டுவிட்டு, மீதியை ஆர்எஃப்இ வந்தால் கொடுக்கலாம்.

இந்த 180 என்ற எண் மூன்று இடத்தில் வருவதால் குழப்பம் அதிகம். பெர்ம் சான்றின் ஆயுள் 180 நாள். ஐ-140 அனுமதியாகி 180 நாள் ஆகிவிட்டால் முதலாளி திரும்பப் பெற்றாலும் கம்பெனியையே மூடினாலும் அது தானாக ரத்தாகாது; 2017 ஜனவரி 17 முதல் இந்தப் பாதுகாப்பு. ஐ-485 தாக்கலாகி 180 நாள் நிலுவையில் இருந்தால் அதே அல்லது ஒத்த வேலைக்கு வேறு முதலாளியிடம் போகலாம். இது 2000-ஆம் ஆண்டுச் சட்டம். உங்களுக்கு எந்த 180 முடிந்திருக்கிறது என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியர்களில் பெரும்பாலானவர்கள் நிற்பது ஐ-140 அனுமதியாகி, விசா புல்லட்டின் என்ற மாதாந்திர அட்டவணையில் தங்கள் பிரையாரிட்டி டேட் வராமல் காத்திருக்கும் இடத்தில். இங்கேதான் மெத்தனம் அதிகம். புதிய கம்பெனியின் அட்டர்னி "இப்போது ஒன்றும் வேண்டாம், விசா புல்லட்டினில் உங்கள் தேதி வரும்போது பார்க்கலாம்" என்பார். எச்-1பி வேலை விசாவைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. அனுமதியான ஐ-140 எந்த முதலாளியுடையதாக இருந்தாலும் அதை வைத்து ஆறு வருடத்துக்கு மேல் மூன்று மூன்று வருடமாக நீட்டலாம். அதனால் யாருக்கும் உடனடி வலி தெரியாது. ஆனால் ஐ-485 போடும் நாளில், ஐ-140-இல் இருக்கும் முதலாளி உங்களுக்கு வேலை தரத் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பெயரில் கம்பெனியே இல்லை என்றால் வாரிசு நிறுவனத்தின் ஐ-140 வேண்டும், அல்லது புதிய பெர்ம் வேண்டும். எட்டு வருடம் கழித்து அப்போது போய் ஒப்பந்தத்தையும் பழைய வரிப் படிவங்களையும் எங்கே தேடுவது?

அதனால் எங்கள் கருத்து திட்டவட்டமானது: இஐஎன் மாறினால் வாரிசு ஐ-140-ஐ உடனே போடச் சொல்லிக் கேளுங்கள். ஐ-140 படிவத்தின் இரண்டாம் பகுதியில் முந்தைய மனுவைத் திருத்துவதற்காக என்ற கட்டம் இருக்கிறது. நான்காம் பகுதியில், அசல் பெர்ம் சான்று ஏற்கெனவே வேறொரு ஐ-140-ஓடு கொடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லும் கேள்வி இருக்கிறது. செலவு, 2024 ஏப்ரல் 1-இல் வந்த கட்டணப்படி, 715 டாலரும் அசைலம் (புகலிட) திட்டக் கட்டணம் 600 டாலரும். 25 பேர் அல்லது அதற்குக் குறைவாக வேலை செய்யும் கம்பெனிக்கு அந்த 600 என்பது 300. புதிய பெர்ம் போடும் செலவோடு ஒப்பிட்டால் இது கம்பெனிக்கு ஒன்றுமே இல்லை. எச்ஆரிடம் இந்தக் கணக்கைச் சொல்லியே கேட்கலாம். மறுத்தால், குறைந்தது ஆவணங்களின் ஒரு தொகுப்பை இமிக்ரேஷன் கோப்பில் சேர்த்து வைக்கவும், "நாங்கள் வாரிசு நிறுவனம், இன்னின்ன மனுக்களின் பொறுப்பை ஏற்கிறோம்" என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று தரவும் கேளுங்கள். புதிய கம்பெனி புதிய பெர்ம் போட முடிவு செய்தாலும் பயம் வேண்டாம். மோசடியாலோ, பெர்ம் சான்று ரத்தானதாலோ, யுஎஸ்சிஐஎஸ் செய்த பெரிய பிழையாலோ ரத்தாகாதவரை பழைய ஐ-140-இன் பிரையாரிட்டி டேட் புதிய ஐ-140-க்கு வந்துவிடும்.

ஐ-485 ஏற்கெனவே நிலுவையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2020 அக்டோபர் விசா புல்லட்டினில் இந்திய ஈபி-3-க்குத் தாக்கல் தேதி 2015 ஜனவரி 1-க்குத் தாவியபோது போட்டவர்கள் பலர் இந்த வகை. 180 நாள் தாண்டியிருந்தால் வாரிசு ஐ-140 தேவையே இல்லை. வேலையை உறுதிசெய்யும், ஐ-485-இன் இணைப்பான சப்ளிமென்ட் ஜே படிவத்தில் புதிய முதலாளி கையெழுத்திட்டால் போதும். அதில் தொழில் வகைக் குறியீட்டை எண்ணோடு எழுதுவார்கள். பெர்மில் இருக்கும் குறியீட்டையும் இதையும் ஒப்பிட்டுத்தான் அதிகாரி ஒத்த வேலையா என்று முடிவு செய்வார். படிவம் நிரப்பும்போது எச்ஆர் ஏதோ ஒரு குறியீட்டைப் போட்டுவிடாமல் நீங்களே ஒருமுறை பாருங்கள். 180 நாள் ஆகவில்லை என்றால் நிலைமை வேறு. வாரிசு ஐ-140 கட்டாயம் வேண்டும், அதுவும் சீக்கிரம். இன்னொரு விஷயம்: பழைய ஐ-140-ஐ ரத்து செய்ய யுஎஸ்சிஐஎஸ் நோட்டீஸ் விட்டால், அந்தக் கடிதம் இல்லாத கம்பெனியின் முகவரிக்குப் போய்ச் சேரலாம். முறையாகப் போர்ட் செய்த, அதாவது இப்படி வேறு முதலாளிக்கு மாறிய, ஊழியரையும் பாதிக்கப்பட்ட தரப்பாகக் கருதி நோட்டீஸ் தர வேண்டும் என்று 2017 நவம்பரில் மேல்முறையீட்டு அலுவலகத்தின் ஒரு முடிவு சொல்கிறது. அந்த உரிமை, சப்ளிமென்ட் ஜே கொடுத்துப் போர்ட் ஆனதை யுஎஸ்சிஐஎஸ் அங்கீகரித்தவர்களுக்குத்தான். கேட்டால் மட்டும் கொடுக்கலாம் என்று சப்ளிமென்ட் ஜே-யைத் தள்ளிப்போடாமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

எச்-1பி, பயணம், ஈபி-1சி

வாரிசு நிறுவனம் பழைய கம்பெனியின் பொறுப்புகளை ஏற்று, வேலை நிபந்தனைகள் மாறாமல் இருந்தால் எச்-1பிக்குத் திருத்த மனு தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: பொதுமக்கள் பார்க்கக்கூடிய கோப்பில் எல்சிஏ (எச்-1பிக்காகத் தொழிலாளர் துறையிடம் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம்) எண்கள், புதிய கம்பெனியின் சம்பள முறை, அதன் இஐஎன், எல்லாக் கடமைகளையும் ஏற்கிறோம் என்ற சத்தியப் பிரமாணம் இருக்க வேண்டும். இது இல்லாமல் புதிய கம்பெனி உங்களை வேலையில் வைத்திருக்க முடியாது. புதிய எல்சிஏயும் மனுவும் போட்டாக வேண்டும். கைமாறும் நாளுக்கு முன்பே அந்தப் பிரமாணத்தில் கையெழுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். வேலை இடம் வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால் இந்தச் சலுகை உதவாது, 2015-இன் சிமியோ தீர்ப்புப்படி திருத்த மனு போட்டே ஆக வேண்டும். படிப்பு முடிந்து மாணவர் விசாவிலேயே வேலை செய்யும் ஸ்டெம் ஓபிடியில் இருப்பவர்கள் இஐஎன் மாறினால் ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தைத் திருத்திக் கல்லூரியிடம் கொடுக்க வேண்டும்.

இந்த நேரத்தில் விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: மனு அனுமதிக் கடிதமான ஐ-797 பழைய பெயரில், பே ஸ்டப் புதிய பெயரில், விசா விண்ணப்பமான டிஎஸ்-160-இல் ஏதோ ஒரு பெயர் என்று போனால் விசாவை நிறுத்திவைக்கும் 221-ஜி காகிதம் கவுன்டரில் கையில் வந்துவிடக்கூடும். எந்தத் தேதியில் எந்தக் கம்பெனி எதோடு சேர்ந்தது, எச்-1பி பொறுப்பை யார் ஏற்றது என்று புதிய கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதமும், டீல் முடிந்ததை அறிவிக்கும் பத்திரிகைக் குறிப்பும் கோப்பின் மேலேயே இருக்கட்டும். முடிந்தால் டீல் முடியும் வாரத்தில் பயணத்தையே தவிர்ப்பது மேல்.

கம்பெனியின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாறிவரும் எல்-1 விசாவிலும், அப்படி வந்த மேனேஜர்களுக்கான ஈபி-1சி கிரீன் கார்டு பிரிவிலும் இருப்பவர்களுக்கு இந்த விஷயம் ரொம்பவே கூர்மையானது. அவர்களுடைய மனு முழுவதும் அமெரிக்கக் கம்பெனிக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் உள்ள உறவின் மேல் நிற்கிறது. சென்னையில் இருக்கும் கிளையையும் அமெரிக்கக் கம்பெனியையும் சேர்த்து ஒருவரே வாங்கினால் உறவு தொடரும். அமெரிக்கப் பிரிவை மட்டும் விற்றால் அந்த உறவு அன்றோடு அறுந்துவிடும். ஐ-140 முடிவாகும் முன் இப்படி நடந்தால் வாரிசு என்ற வாதம் காப்பாற்றாது. இவர்களுக்குப் பெர்ம் வழியாக ஈபி-2 ஒன்றையும் கூடவே ஆரம்பித்து வைப்பதுதான் விவேகம். அந்தக் கோரிக்கையை டீல் வதந்தி வரும் காலத்திலேயே வைக்க வேண்டும்.

லேஆஃப் வந்தால்

இணைப்புக்குப் பின் ஆட்குறைப்பு வருவது வழக்கம். அது உங்களைத் தொடாவிட்டாலும் உங்கள் பெர்மைத் தொடும். அதே ஊரில், அதே அல்லது தொடர்புள்ள தொழிலில், தாக்கலுக்கு முந்தைய ஆறு மாதத்தில் யாரையாவது அனுப்பியிருந்தால், அவர்களில் அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு இந்த வேலையைப் பற்றித் தெரிவித்து, தகுதி இருக்கிறதா என்று பரிசீலித்த பிறகுதான் பெர்ம் போட முடியும். அந்தச் சிக்கலுக்கு அஞ்சியே பல கம்பெனிகள் பெர்மை ஆறு மாதமோ ஒரு வருடமோ நிறுத்திவைக்கின்றன. எச்-1பி ஆறாம் வருடத்தை நெருங்குபவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஐ-140 இல்லாமல் ஆறு வருடத்துக்கு மேல் ஒரு வருட நீட்டிப்பு வேண்டுமானால் பெர்ம் போட்டு 365 நாள் ஆகியிருக்க வேண்டும்.

உங்களையே அனுப்பிவிட்டால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். தங்கும் கெடுவைக் குறிக்கும் ஐ-94 முன்னதாக முடிந்தால் அதுவரைதான். ஐ-140 அனுமதியாகி 180 நாள் ஆகவில்லை என்றால், இறுதிக் கணக்குப் பேசும்போது அதை 180-ஆம் நாள் வரை திரும்பப் பெறாமல் விட்டுவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கம்பெனிக்கு அதனால் ஒரு பைசா செலவில்லை. உங்களுக்கோ அது எச்-1பி நீட்டிப்பு, துணைவரின் எச்-4 ஈஏடி (வேலை அனுமதி) இரண்டுக்கும் அடிப்படை. அதற்கு முன்பே திரும்பப் பெற்றுவிட்டாலும் பிரையாரிட்டி டேட் உங்களோடுதான் இருக்கும்.

ஐ-485 வழியாக வந்த ஈஏடியில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்பு மனுக்களுக்கு 540 நாள் தானியங்கி நீட்டிப்பு பொதுவாகக் கிடையாது. இணைப்பு நடக்கும் காலத்தில் எச்-1பியையும் உயிரோடு வைத்திருக்க முடிந்தால் வைத்திருங்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் அதிகம் இல்லை: சான்றான பெர்ம் விண்ணப்பத்தின் எல்லாப் பக்கங்கள், ஐ-140 அனுமதி ஐ-797, எல்லா எச்-1பி ஐ-797கள், பிரையாரிட்டி டேட் வருடத்திலிருந்து டபிள்யூ-2கள், கைமாறுவதற்கு முந்தைய கடைசிப் பே ஸ்டப், பிந்தைய முதல் பே ஸ்டப். கடைசி இரண்டையும் சேர்த்து வைத்தால் எந்தத் தேதியில் எந்த இஐஎன்னுக்கு மாறினீர்கள் என்பது ஒரே பார்வையில் தெரியும். பழைய சம்பளப் போர்ட்டல் மூடப்படும் முன் இவற்றை உங்கள் சொந்த மெயிலுக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் பெயரில் உள்ள இந்தக் காகிதங்களை மட்டும். கம்பெனியின் ஒப்பந்தங்களையோ நிதி அறிக்கைகளையோ தரவிறக்கி வேலைக்கே உலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐ-140 நகலைக் கம்பெனி தர மறுத்தால், அது அவர்களுடைய மனு என்பதால் வற்புறுத்த முடியாது. ஆனால் தகவல் சுதந்திரச் சட்டப்படி யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் கணக்கு ஆரம்பித்து, ரசீது எண்ணையும் கிடைத்திருந்தால் ஏ-நம்பர் என்ற குடியேற்ற அடையாள எண்ணையும் கொடுத்து, ஐ-140-யும் அதோடு இணைத்த பெர்ம் சான்றும் வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். முழுக் கோப்பையும் கேட்காமல் குறிப்பிட்ட ஆவணத்தை மட்டும் கேட்டால் சீக்கிரம் வரும். முதலாளியின் நிதி விவரங்களைக் கறுப்படித்து அனுப்புவார்கள். வேலை விவரம், குறியீடு, வேலை இடம், தகுதிகள் பொதுவாகத் தெரியும்படி இருக்கும். வாரிசு ஐ-140-க்கும் சப்ளிமென்ட் ஜே-க்கும் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்குத் தேவைப்படுவது அந்த நான்கும்தான்.